மூன்று கேமரா, ஒரே முகூர்த்தம்: நிறமும் வெளிச்சமும் ஒத்துப்போக

கல்யாண வீடியோ எடிட் செய்பவர்களுக்கு இந்தச் சிக்கலைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. கெட்டிமேளம் முழங்கும் இடத்தில் அடுத்தடுத்து கட் விழும். நேரே ஸ்டாண்டில் நிற்கும் கேமராவில் கூரைப்புடவை அரக்கு நிறம். பக்கத்தில் கேண்டிட் எடுப்பவரின் கேமராவில் அதே புடவை தக்காளிச் சிவப்பு. கிம்பலில் (கேமரா ஆட்டத்தை அடக்கும் கைப்பிடி) வந்த க்ளிப்பில் மாப்பிள்ளை முகத்தில் பச்சை தட்டியிருக்கும். தனித்தனியாகப் பார்த்தால் எந்த க்ளிப்பிலும் பெரிய குறை தெரியாது. வரிசையாக ஓடவிட்டால்தான் கண்ணை உறுத்தும்.

அதனால்தான் ஒரு க்ளிப்பை மட்டும் திரையில் வைத்துக்கொண்டு மணிக்கணக்கில் திருத்தும் வேலை பெரும்பாலும் வீணாகிறது. எடிட்டிங்கில் ஒரு க்ளிப்பின் நிறம் சரியா தவறா என்பதைப் பக்கத்து க்ளிப்தான் முடிவு செய்யும். ஒன்றை ஆதாரமாக நிறுத்தி, மற்றதையெல்லாம் அதன் அருகில் வைத்து, ஸ்கோப்பைப் (வெளிச்சத்தையும் நிறத்தையும் அளந்து காட்டும் வரைபடம்) பார்த்து அதை நோக்கி இழுத்து வர வேண்டும். இங்கே சொல்வதெல்லாம் டாவின்சி ரிசால்வ் என்ற எடிட்டிங் மென்பொருளை வைத்து. இலவசப் பதிப்பிலேயே பெரும்பகுதி முடிந்துவிடும். ஸ்டூடியோ பதிப்பு தேவைப்படும் இடங்களை அங்கங்கே குறிப்பிட்டிருக்கிறோம். பிரீமியரில் வேலை செய்பவர்களுக்கும் வரிசையும் காரணமும் இவைதான். பொத்தான்களின் பெயர் மட்டும் மாறும்.

முதலில் உட்காரும் இடம்

மஞ்சள் தட்டிய க்ளிப்பைத் தொடர்ந்து பார்த்துக்கொண்டே இருந்தால் அந்த மஞ்சளே வெள்ளையாகத் தெரிய ஆரம்பிக்கும். கண்ணின் இயல்பு அது. வேலையில் உட்காருவதற்கு முன் கம்ப்யூட்டரில் நைட் லைட், மேக்கில் ட்ரூ டோன், மானிட்டரின் கண் பாதுகாப்பு மோட், தானாக ஏறி இறங்கும் பிரைட்னஸ் எல்லாவற்றையும் அணைத்துவிடுங்கள். மானிட்டரில் எஸ்ஆர்ஜிபி அல்லது ரெக் 709 மோட் (சாதாரணத் திரைக்கும் டிவிக்கும் உரிய நிறத் தரங்கள்) இருந்தால் அதில் வையுங்கள். இல்லையென்றால் 6500 கெல்வின். ஸ்டூடியோ அறையில் பச்சைச் சுவரும், திரையில் பிரதிபலிக்கும் டியூப்லைட்டும் வேண்டாம். திரைக்குப் பின்னால் மங்கலாக ஒரு வெள்ளை விளக்கு போதும்.

இவ்வளவு செய்த பிறகும் கண்ணை மட்டும் நம்பக் கூடாது. வேவ்ஃபார்ம், ஆர்ஜிபி பரேட், வெக்டர்ஸ்கோப் மூன்றும் எப்போதும் திறந்திருக்கட்டும். வெளிச்ச அளவை வேவ்ஃபார்ம் சொல்லும். சிவப்பு, பச்சை, நீலத்தில் எது தூக்கி நிற்கிறது, எது எல்லையை முட்டி, விவரம் போய் வெட்டுப்பட்டிருக்கிறது என்பதைப் பரேட் சொல்லும். தோலின் நிறம் எந்தப் பக்கம் சாய்கிறது என்பதை வெக்டர்ஸ்கோப் சொல்லும். அதன் அமைப்பில் ஸ்கின் டோன் கோட்டைக் காட்டும் வசதி உண்டு, அதைப் போட்டுக்கொள்ளுங்கள். ரிசால்வின் ஸ்கோப் 0 முதல் 1023 வரை எண் காட்டும். கீழே வரும் எண்கள் அந்தக் கணக்கில்.

நிறத்தைத் தொடுவதற்கு முன்

பாதி முரண்பாடு கேமராமேன் செய்தது கிடையாது, மென்பொருள் ஃபைலைத் தப்பாகப் படித்ததால் வருவது. ஒரு கேமரா எஸ்-லாக்3, இன்னொன்று கேனன் லாக் 3, மூன்றாவது சாதாரண ரெக் 709, நான்காவதாக உறவினர் ஐபோனில் எடுத்த எச்டிஆர். லாக் என்பது பின்னால் திருத்துவதற்காகக் கான்ட்ராஸ்ட் குறைத்துப் பதிவு செய்யும் முறை; எச்டிஆர் என்பது அதிக வெளிச்ச வீச்சைப் பதிவு செய்யும் முறை. இந்த நான்கையும் ஒரே டைம்லைனில் அப்படியே போட்டு, கலர் வீலைச் சுற்றிச் சுற்றி ஒத்துப்போக வைப்பது வீண் உழைப்பு. ஒவ்வொன்றும் எந்தக் கணக்கில் பதிவானது என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும்.

பிராஜெக்ட் செட்டிங்ஸில் கலர் சயின்ஸை டாவின்சி ஒய்ஆர்ஜிபி கலர் மேனேஜ்டு என்று மாற்றி, டைம்லைனை டாவின்சி வைட் காமட் இன்டர்மீடியட் ஆகவும், அவுட்புட்டை ரெக் 709 காமா 2.4 ஆகவும் வையுங்கள். பிறகு மீடியா பூலில் கேமரா வாரியாகத் தேர்ந்தெடுத்து இன்புட் கலர் ஸ்பேஸைக் கொடுங்கள். சோனியில் எஸ்-காமட்3 சினியா, வெறும் எஸ்-காமட்3யா என்பதைக் கேமராமேனிடம் கேட்டுவிடுவது நல்லது. மாற்றிக் கொடுத்தால் சிவப்பும் தோலும் கொஞ்சம் தள்ளிப் போகும். ஐபோன் 12இலிருந்து வரும் எச்டிஆர் க்ளிப்புகள் எச்எல்ஜி வகை. அவற்றுக்கு ரெக் 2100 எச்எல்ஜி என்று கொடுத்தால், வெளுத்து எரிந்தது போலத் தெரிந்த முகம் தானாகவே கீழே இறங்கி உட்காரும். கலர் மேனேஜ்மென்ட் பிடிக்காதவர்கள் க்ளிப்பின் முதல் நோடில் (நோட் என்பது திருத்தங்களை வரிசையாக அடுக்கும் கட்டம்) கலர் ஸ்பேஸ் டிரான்ஸ்ஃபார்ம் போட்டும் இதையே செய்யலாம். இரண்டில் ஏதாவது ஒரு வழி மட்டும். இரண்டையும் ஒன்றாகப் போட்டால் மாற்றம் இருமுறை நடந்து, கான்ட்ராஸ்ட் கன்னாபின்னாவென்று ஏறிவிடும்.

டேட்டா லெவல் என்று ஒன்று இருக்கிறது; இதை நிறையப் பேர் பார்ப்பதே இல்லை. 8 பிட் வீடியோவில் சில ஃபைல்கள் கறுப்பை 16இலும் வெள்ளையை 235இலும் வைத்திருக்கும். சில 0 முதல் 255 வரை முழுதாகப் பயன்படுத்தும். மென்பொருள் மாற்றிப் படித்தால், ஒரு க்ளிப் புகை மூடியது போலச் சாம்பலாகவும் இன்னொன்று நிழலெல்லாம் கருகியும் வரும். க்ளிப் ஆட்ரிப்யூட்ஸில் ஆட்டோ, வீடியோ, ஃபுல் என்று மூன்று இருக்கும். ஒரு கேமராவின் எல்லா க்ளிப்பும் ஒரே மாதிரி சாம்பலாக வந்தால் கான்ட்ராஸ்டைத் தொடாதீர்கள். முதலில் இதை மாற்றிப் பாருங்கள்.

உறவினர்களின் போனில் இருந்து வாட்ஸப்பில் வந்த க்ளிப் என்றால், டாக்குமென்டாகத் திரும்ப அனுப்பச் சொல்லுங்கள். சாதாரணமாக அனுப்பும்போது வாட்ஸப் அதை நசுக்கிவிடும். நசுங்கிய க்ளிப்பில் நிழலைக் கொஞ்சம் தூக்கினாலே கட்டம் கட்டமாக உடையும்.

ஆதார ஷாட்

முகூர்த்தம் அதிகாலையில் என்றால் ஒரே சடங்குக்குள் வெளிச்சம் மாறிவிடும். ஆரம்பத்தில் மண்டபத்தின் எல்இடியும் வீடியோ லைட்டும் மட்டும். ஹோமம் முடியும் நேரத்தில் ஜன்னல் வழியாகப் பகல் உள்ளே வந்திருக்கும். மாலை ரிசப்ஷனில் எல்இடி வாலும் ஊதா விளக்கும். இவை எல்லாவற்றையும் ஒரே நிறத்துக்குக் கொண்டுவர முயல்வது தப்பு. விடியற்காலை விடியற்காலையாகவே தெரியட்டும். வெளிச்சம் மாறும் இடங்களில் டைம்லைனைப் பிரித்துக்கொண்டு, ஒவ்வொரு பகுதிக்கும் ஓர் ஆதார ஷாட் எடுங்கள். பகுதிக்குள் எல்லாம் அந்த ஷாட்டோடு ஒத்துப்போக வேண்டும். பகுதிக்குப் பகுதி முகத்தின் சாயல் மட்டும் தாவாமல் இருந்தால் போதும்.

எதை ஆதாரமாக எடுப்பது? மணவறையில் பெண்ணும் மாப்பிள்ளையும் இடுப்பளவில் தெரியும் நடுத்தர ஷாட், வெள்ளை வெட்டுப்படாதது, அந்தப் பகுதியில் அதிக நேரம் ஓடுகிற கேமராவின் ஷாட். இருப்பதிலேயே அழகான ஷாட்டை எடுக்கத் தோன்றும். அது நல்ல லாக் ஃபுட்டேஜில் வந்திருந்து, மற்ற கேமரா 8 பிட்டில் இருந்தால், அந்த உயரத்துக்கு மற்றவை எட்டாது. பலவீனமான கேமராவால் எட்ட முடிந்த இடத்தில்தான் எல்லாரையும் சந்திக்க வைக்க முடியும். ஆதார ஷாட்டை முடித்ததும் ஸ்டில் எடுத்து கேலரியில் வையுங்கள். அடுத்த க்ளிப்பில் நின்று அந்த ஸ்டில்லை இருமுறை தட்டினால் திரை பாதியாகப் பிரிந்து இரண்டும் அருகருகே தெரியும், ஸ்கோப்பிலும் இரண்டும் சேர்ந்தே வரும்.

இதற்கு முன்பே க்ரூப் பிரித்துவிட வேண்டும். கேமரா ஒன்று காலை, கேமரா இரண்டு காலை, கேமரா ஒன்று ரிசப்ஷன் என்று கேமராவும் வெளிச்சமும் சேர்ந்ததாக ஒரு க்ரூப். கேமராவுக்கே உரிய பொதுவான சாய்வை க்ரூப் ப்ரீ-க்ளிப்பிலும், ஒவ்வொரு ஷாட்டின் தனிக் குறையை க்ளிப்பிலும், கடைசியில் படம் முழுக்கக் கொடுக்கும் லுக்கை டைம்லைன் நோடிலும் வையுங்கள். இந்தப் பிரிப்பு இருந்தால், சோனி க்ளிப்புகளில் பச்சை கொஞ்சம் அதிகம் என்று கடைசி நேரத்தில் தெரிந்தாலும் ஒரே இடத்தில் திருத்திவிடலாம். பிரிக்காதவர்கள் நூற்றுக்கணக்கான க்ளிப்பைத் திரும்பத் திறக்க வேண்டியிருக்கும்.

வெளிச்சம் முதலில், நிறம் பிறகு

இந்த வரிசையை மாற்றக் கூடாது. வெளிச்சம் குறைந்த முகம் சிவப்பாகவும் அதிகமான முகம் மஞ்சளாகவும் கண்ணுக்குப் படும். அதை நிறக் குறை என்று நினைத்துத் திருத்திவிட்டால், பிறகு வெளிச்சத்தைச் சரிசெய்யும்போது எல்லாம் மறுபடி கலையும். டைம்லைன் நோடில் சாச்சுரேஷனைத் தற்காலிகமாக 0 ஆக்கி, கறுப்பு வெள்ளையில் எல்லாவற்றையும் ஒருமுறை ஓடவிட்டு வெளிச்சத்தை மட்டும் ஒத்துப்போக வைப்பது அருமையான வழி. நிறம் குறுக்கே வராததால் கட் விழும் இடத்தில் எது குதிக்கிறது என்பது பளிச்சென்று தெரியும்.

வெளிச்சத்தை ஏற்ற இறக்க லிஃப்ட் (நிழல்), காமா (நடுப்பகுதி), கெயின் (வெளிச்சப் பகுதி) மூன்றையும் மாற்றி மாற்றித் திருகுவதைவிட, ஒரு நோடில் வலது க்ளிக் செய்து காமாவை லீனியர் ஆக்கி, அதில் கெயினை மட்டும் பயன்படுத்துவது சுத்தமானது. கேமராவில் அபெர்ச்சர் திறந்து மூடுவதைப் போலவே அது வேலை செய்யும். கெயின் 2 என்றால் ஒரு ஸ்டாப் அதிகம் (அதாவது இருமடங்கு வெளிச்சம்), 0.5 என்றால் ஒரு ஸ்டாப் குறைவு. அரை ஸ்டாப் ஏற்ற 1.41. கணக்கு தெரிவதால் அடுத்த க்ளிப்பில் தடுமாற வேண்டியதில்லை. கிட் லென்ஸில் எஃப் 3.5இலிருந்து 5.6க்கு ஜூம் போயிருந்தால் ஏறக்குறைய ஒன்றேகால் ஸ்டாப்புக்குச் சற்று மேலே இருட்டியிருக்கும், கெயினை 2.5 வைத்தால் பழைய இடத்துக்கு வந்துவிடும்.

எஸ்-லாக்3 ஃபுட்டேஜில் எவ்வளவு ஏற்ற வேண்டும் என்பதை அளந்தே சொல்லிவிடலாம். டிரான்ஸ்ஃபார்ம் எதுவும் போடாத நிலையில் 18 சதவீதச் சாம்பல் அட்டை 420இல் நிற்க வேண்டும்; 90 சதவீத வெள்ளை 598இல். ஒரு ஸ்டாப்புக்கு ஏறக்குறைய 79 எண் மாறும். அட்டை 500க்குப் பக்கத்தில் நின்றால் கேமராமேன் ஒரு ஸ்டாப் அதிகமாக எடுத்திருக்கிறார். லாக்கில் நிழலின் இரைச்சலைக் குறைக்க வேண்டுமென்றே அப்படி எடுப்பது வழக்கம்தான், கெயின் 0.5 வைத்து இறக்கினால் முடிந்தது.

ஏற்றுவதற்கு ஓர் எல்லை உண்டு. 8 பிட் ஃபைலில் ஒரு நிறத்துக்கு 256 படிகள்தான். 10 பிட்டில் 1024. 8 பிட் ரெக் 709 க்ளிப்பை ஒரு ஸ்டாப்புக்கு மேல் தூக்கினால் சுவரில் பட்டை பட்டையாகத் தெரியும், நிழலில் புழு நெளிவது போல இரைச்சல் வரும். அப்போது முகம் எவ்வளவு தேவையோ அவ்வளவை மட்டும் பவர் விண்டோ (திருத்தம் படும் பகுதியைச் சுற்றி வரையும் வடிவம்) போட்டு ட்ராக் செய்து தூக்கி, பின்னணியை இருட்டாகவே விட்டுவிடுவது மேல். இன்னொரு பக்கம், வேவ்ஃபார்மின் உச்சியில் தட்டையாக வெட்டுப்பட்ட வெள்ளைக்கு மருந்து கிடையாது. எரிந்துபோன வேட்டியைக் கீழே இறக்கினால் மடிப்பு திரும்பி வராது, அழுக்குச் சாம்பல்தான் வரும். அதை வெள்ளையாகவே விட்டு, முகத்தை மட்டும் சரியான இடத்தில் வையுங்கள்.

வேட்டி வெள்ளையா?

ஒயிட் பேலன்ஸ் பிக்கரைக் கையில் எடுத்ததும் எல்லாரும் வேட்டியைத்தான் தேடுவார்கள். பட்டு வேட்டி வெள்ளை கிடையாது, சந்தன நிறம். அதைக் க்ளிக் செய்தால் படம் முழுக்க நீலம் ஏறும். பருத்தி வேட்டியும் முழு நம்பிக்கைக்கு உரியதில்லை. நீலம் போட்டு வெளுத்தது கொஞ்சம் நீலமாகத்தான் இருக்கும். அதில் க்ளிக் செய்தால் முகம் மஞ்சளுக்குப் போகும். எவர்சில்வர் குடம் சுற்றியிருக்கும் நிறத்தையெல்லாம் வாங்கிக்கொள்ளும். கேமராமேன் சாம்பல் அட்டையைக் காட்டியிருந்தால் அதைவிட நல்லது எதுவுமில்லை. 24 கட்டம் உள்ள கலர் செக்கரைக் காட்டியிருந்தால் ரிசால்வின் கலர் மேட்ச் பகுதியிலேயே அதைப் பொருத்திவிடலாம். இரண்டும் இல்லாவிட்டால், ஒரே பொருள் எல்லாக் கேமராவிலும் தெரிகிற மாதிரி ஒன்றைப் பிடியுங்கள். மணவறைத் தூண், பின்னால் கட்டிய துணி, நாற்காலி உறை எதுவானாலும் சரி. அது உண்மையில் வெள்ளையா என்ற கேள்வியே வேண்டாம். ஆதார ஷாட்டில் அதன் சிவப்பு, பச்சை, நீலம் எந்தெந்த உயரத்தில் நிற்கின்றனவோ, அதே உயரத்துக்கு மற்ற க்ளிப்பிலும் கொண்டுவந்தால் போதும்.

பரேடைப் பார்த்து இப்படிப் பொருத்தும்போது லம் மிக்ஸை 0 ஆக்கிவிடுங்கள். அது 100இல் இருந்தால், சிவப்பைத் தூக்கும்போது மொத்த வெளிச்சம் மாறாமல் இருக்க மற்ற இரண்டையும் ரிசால்வ் கீழே இறக்கும். நீங்கள் துரத்தத் துரத்த அவை ஓடிக்கொண்டே இருக்கும். 0 ஆக்கினால் தொட்ட நிறம் மட்டும் நகரும்.

மஞ்சள், நீலத் தள்ளாட்டத்தை டெம்பரேச்சரும், பச்சை, மெஜந்தா தள்ளாட்டத்தை டின்ட்டும் சரிசெய்யும். மலிவான எல்இடியும் பழைய டியூப்லைட்டும் தருவது பெரும்பாலும் பச்சைச் சாய்வு. அதை டெம்பரேச்சரால் திருத்த முயன்றால் முகம் நோயாளி போலவே இருக்கும். நகையைப் பாருங்கள்: தங்கத்தில் பச்சை தெரிந்தால் டின்ட்டை மெஜந்தா பக்கம் நகர்த்த வேண்டும். கேமரா 5600 கெல்வினில் நிற்க, வெளிச்சம் 3200 கெல்வின் மஞ்சள் பல்பாக இருந்து, அதுவும் 8 பிட்டில் பதிவாகியிருந்தால் நீலச் சேனலில் தகவலே குறைவாக இருக்கும். அதை இழுத்துத் தூக்கினால் நீல இரைச்சல் கொட்டும். முக்கால்வாசி திருத்திவிட்டு, மிச்சம் மஞ்சளைப் படத்தின் இயல்பாக விட்டுவிடுவதே நல்லது.

ஷாட் மேட்ச் என்று ஒரு வசதி இருக்கிறது. பிரீமியரில் லுமெட்ரியின் அப்ளை மேட்ச் அதே வேலையைச் செய்யும். இரண்டு ஷாட்டிலும் ஏறக்குறைய ஒரே காட்சி இருந்தால் நன்றாகவே வேலை செய்கிறது. ஒன்றில் திரை முழுக்கச் சிவப்புப் புடவையும் இன்னொன்றில் வாழைமரமும் இருந்தால், புடவையின் சிவப்பைக் குறை என்று நினைத்து வெளுக்க வைத்துவிடும். தொடக்கமாக எடுத்துக்கொள்ளலாம், முடிவாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

முகம்

இந்த வேலையில் நாங்கள் அதிகம் கவலைப்படுவது இதைப் பற்றித்தான். இணையத்தில் கிடைக்கும் பாடங்களில் பல, தோலை வேவ்ஃபார்மில் 70 சதவீதத்தில் வைக்கச் சொல்லும். வெளுத்த தோலுக்குச் சொன்ன கணக்கு அது. நம் ஊர் மாநிற முகத்தை 70க்குத் தூக்கினால் முகம் மாவு பூசியது போலாகும், நெற்றியில் வீடியோ லைட் பட்ட இடம் வெட்டுப்படும், பக்கத்தில் இருக்கும் ஜரிகையும் பொன்னும் வெளிறிப் போகும். மாநிறத்துக்குக் கன்னத்தின் நடுப்பகுதி 40 முதல் 55 சதவீதம் வரை, அதாவது ஸ்கோப்பில் சுமார் 410 முதல் 560 வரை நன்றாக அமர்கிறது. கறுத்த நிறத்துக்கு அதற்கும் கீழே. நெற்றியின் மினுமினுப்பு 75 வரை போகலாம். வீட்டார் "கொஞ்சம் வெளுப்பா காட்டுங்க" என்று கேட்பார்கள். அவர்களிடம் காமாவை ஏற்றிய ஷாட்டையும் ஏற்றாத ஷாட்டையும் அருகருகே ஓட்டிக் காட்டுங்கள். புடவை நிறமும் நகையும் போவதைப் பார்த்தால் பெரும்பாலும் ஏற்றாததையே கேட்கிறார்கள். அந்த முகம் அந்த நிறத்தில்தான் அழகு, பல ஆண்டுகள் கழித்துப் பார்க்கும் பிள்ளைக்குத் தன் அம்மாவை அடையாளம் தெரிய வேண்டும்.

வெளிச்சம் மனிதருக்கு மனிதர் மாறினாலும் சாயல் மாறுவதில்லை. வெக்டர்ஸ்கோப்பில் எல்லா மனிதத் தோலும் சிவப்புக்கும் மஞ்சளுக்கும் இடையே அந்த ஸ்கின் டோன் கோட்டை ஒட்டியே விழும். முகத்தின் மேல் சின்ன விண்டோ போட்டு, அதை மட்டும் ஹைலைட் செய்து பார்த்தால் எந்தப் பக்கம் சாய்கிறது என்று தெரிந்துவிடும். ஆனால் யாருடைய முகத்தை அளக்கிறீர்கள் என்பது முக்கியம். மணப்பெண்ணின் முகத்தில் மேக்கப் இருக்கும். கழுத்துக்கும் கைக்கும் அதற்கும் சம்பந்தம் இருக்காது. நலங்கு வைத்த முகத்தில் மஞ்சளும் சந்தனமும் இருக்கும். கோட்டிலிருந்து மஞ்சள் பக்கம் விலகித்தான் நிற்க வேண்டும். அதை இழுத்துக் கோட்டில் வைத்தால் பக்கத்தில் இருப்பவர்கள் ரோஜா நிறமாவார்கள். மேக்கப் போடாத அப்பா, மாப்பிள்ளைத் தோழன், நாதஸ்வரக்காரர் போன்ற ஒருவரின் முகத்தை அளவுகோலாக எடுங்கள்.

புடவைச் சிவப்பு தனிக் கதை. அரக்கு, குங்குமச் சிவப்பு, மெஜந்தா மூன்றிலும் சிவப்புச் சேனல் மற்றவற்றுக்கு முன்பே உச்சியைத் தொட்டு வெட்டுப்படும். அப்படி வெட்டுப்பட்ட சிவப்பு ஆரஞ்சுப் பக்கம் நழுவும். ஒரு கேமராவில் அரக்கு, இன்னொன்றில் தக்காளி என்பதற்குப் பெரும்பாலும் காரணம் இதுதான். சாச்சுரேஷனைக் குறைத்தால் முகமும் சேர்ந்து செத்துப்போகும். ஹியூ வெர்சஸ் ஹியூ கர்வில் அந்தச் சிவப்பை மட்டும் மெல்ல மெஜந்தா பக்கம் நகர்த்தி, ஹியூ வெர்சஸ் லம் கர்வில் சற்று இருட்டாக்குங்கள். உதடும் அதே சிவப்பில் இருப்பதால் முகத்துக்கு விண்டோ போட்டு விலக்கிவிடுங்கள். ரிசப்ஷனின் ஊதா, நீல எல்இடி முகத்தில் திட்டாக விழுந்தால் காமட் மேப்பிங் எஃபெக்டில் சாச்சுரேஷன் கம்ப்ரஷனை முதலில் முயன்று பாருங்கள். திட்டு உடைந்து, முகத்தின் வடிவம் ஓரளவு திரும்பும்.

ஒரே ஷாட்டுக்குள் மாறினால்

ஆட்டோ எக்ஸ்போஷரில் எடுத்திருந்தால், வெள்ளை வேட்டி கட்டிய ஐயர் குறுக்கே போகும்போது படம் இருட்டி, அவர் போன பிறகு மெல்ல வெளிச்சமாகும். முகத்தை வைத்து அளக்காதீர்கள், முகம் அசையும். அசையாத தூணையோ சுவரையோ எடுத்து, அதன் வேவ்ஃபார்ம் அளவு முழு ஷாட்டிலும் ஒரே இடத்தில் நிற்கும்படி கீஃப்ரேம் (அந்தந்த ஃப்ரேமில் குறித்து வைக்கும் மதிப்பு) போடுங்கள். இறங்கத் தொடங்கும் ஃப்ரேம், இறங்கி முடித்த ஃப்ரேம், ஏறத் தொடங்குவது, ஏறி முடிப்பது என நான்கு. கேமரா நேர்கோட்டில் இறங்காது என்பதால் நடுவில் ஒன்று கூடுதலாகத் தேவைப்படும்.

ஆட்டோ ஒயிட் பேலன்ஸ் மெல்ல நகர்ந்த ஷாட்டுக்குக் கீஃப்ரேமைவிட எளிய வழி இருக்கிறது. க்ளிப்பை மாறும் இடத்தில் வெட்டுங்கள். இரண்டு பாதிக்கும் தனித்தனியாக நிறம் கொடுங்கள். வெட்டிய இடத்தில் கிராஸ் டிசால்வ் போட்டு, நிறம் மாற எடுத்துக்கொண்ட நேரத்துக்கு அதை நீட்டுங்கள். அடியில் ஓடுவது ஒரே காட்சி என்பதால் டிசால்வ் தெரியாது. நிறம் மட்டும் நழுவி ஒன்றுசேரும்.

போட்டோகிராஃபரின் ஃப்ளாஷ் பாதி ஃப்ரேமை மட்டும் வெளுக்க வைப்பது ரோலிங் ஷட்டரால். அது ஒன்றிரண்டு ஃப்ரேம்தான். ஒலியைத் தொடாமல் அந்த ஃப்ரேமை வெட்டியெடுத்து, முந்தைய ஃப்ரேமை ஃப்ரீஸ் செய்து அந்த இடத்தை நிரப்புங்கள். கை வேகமாக அசையாத இடம் என்றால் யாருக்கும் தெரியாது.

துடிக்கும் விளக்கு

இந்தியாவில் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ்; அதனால் சாதாரண விளக்குகள் நொடிக்கு 100 முறை துடிக்கும். ஷட்டர் 1/50 அல்லது 1/100இல் இருந்தால் ஒவ்வொரு வரியும் முழுத் துடிப்புகளையே வாங்கும், பட்டை வராது. கேமரா என்டிஎஸ்சி அமைப்பில் (60 ஹெர்ட்ஸ் நாடுகளுக்கானது) கிடந்து 30 ஃப்ரேமில் 1/60 ஷட்டரில் எடுத்துவிட்டால் படம் முழுக்கப் பட்டை ஓடும். ஸ்லோமோஷனுக்கு 120 ஃப்ரேமில் எடுப்பதும் இதே தொல்லைதான், அங்கே ஷட்டரை 1/100 வைக்கவே முடியாது; 100 ஃப்ரேமில் 1/100 வைத்தால் சுத்தமாக வரும்.

எடுத்தாகிவிட்டது என்றால், ஸ்டூடியோ பதிப்பின் டிஃப்ளிக்கர் எஃபெக்ட் பெரும்பாலான படபடப்பை அடக்கிவிடும். அது இல்லாதவர்களுக்கு ஒரு கணக்கு இருக்கிறது. 30 ஃப்ரேமில் எடுத்தால், ஒரு ஃப்ரேமுக்கு 3⅓ துடிப்பு. ஆகவே மூன்று ஃப்ரேமுக்கு ஒருமுறை பட்டை அதே இடத்துக்குத் திரும்பும். அடியில் க்ளிப், அதன் மேல் அதே க்ளிப் ஒரு ஃப்ரேம் தள்ளி 50 சதவீத ஒபாசிட்டியில், அதற்கும் மேல் இரண்டு ஃப்ரேம் தள்ளி 33 சதவீதத்தில் வைத்தால் மூன்றும் சமமாகக் கலந்து பட்டை கரைந்துவிடும். கேமரா ஸ்டாண்டில் நின்று, காட்சி அதிகம் அசையாத இடத்துக்கு மட்டும்தான் இது: மண்டப அலங்காரம், சாமி படம், உட்கார்ந்திருக்கும் கூட்டம். மாலை மாற்றும் இடத்தில் போட்டால் கைகள் பேய் போல இரட்டையாகத் தெரியும். 25 ஃப்ரேமில் தப்பான ஷட்டர் வைத்து எடுத்த பட்டை நகராமல் ஒரே இடத்தில் நிற்கும். அங்கே இந்தக் கலவையால் பயனில்லை. பட்டையின் உயரத்துக்கு மென்மையான விளிம்போடு ஒரு விண்டோ போட்டு வெளிச்சத்தைத் தூக்க வேண்டியதுதான்.

வெளியே அனுப்புவதற்கு முன்

எல்லாம் ஒத்துப்போன பிறகுதான் லுக். சூடான நிறமோ ஃபிலிம் மாதிரியோ, டைம்லைன் நோடில் ஒரே இடத்தில் போடுங்கள். லுக் போட்ட பிறகு மறுபடி பரேடைப் பாருங்கள். கான்ட்ராஸ்ட் ஏற்றும் லுக், அதுவரை அடங்கியிருந்த சின்ன வித்தியாசங்களைப் பெரிதாக்கிக் காட்டும். இரைச்சல் குறைப்பு தேவைப்பட்டால் அது நோடுகளின் தொடக்கத்தில் இருக்க வேண்டும். ரிசால்வில் அதற்கு ஸ்டூடியோ பதிப்பு வேண்டும்.

லைட்பாக்ஸைத் திறந்தால் எல்லா க்ளிப்பும் சின்னச் சின்னப் படங்களாக ஒரே திரையில் வரும். பெரிதாகப் பார்த்தபோது கண்ணுக்குத் தப்பிய பச்சை ஷாட், அந்தக் கூட்டத்தில் தனியாகத் துருத்திக்கொண்டு நிற்கும். ஓர் இடைவேளை எடுத்துக்கொண்டு, வெளியே பகல் வெளிச்சத்தில் கண்ணை ஓய்வெடுக்க விட்டு, பிறகு இதைச் செய்வது நல்லது.

மேக்கில் வேலை செய்து குவிக்டைம் பிளேயரில் திறந்தால் படம் வெளிறித் தெரிகிறது என்ற புகார் அடிக்கடி வரும். எக்ஸ்போர்ட் செய்த ஃபைலின் காமா டேக்கை அந்த பிளேயர் வேறு மாதிரிப் படிப்பதால் வருவது அது. அவுட்புட்டை ரெக் 709-ஏ என்று வைத்து ஒரு சிறு பகுதியை எக்ஸ்போர்ட் செய்து ஒப்பிட்டுப் பாருங்கள். வெளிறலை ஈடுகட்ட கிரேடில் கான்ட்ராஸ்டை ஏற்றிவிடாதீர்கள், டிவியில் கருகிவிடும். யூடியூபுக்கு 25 ஃப்ரேம் 1080பி என்றால் அவர்களே பரிந்துரைப்பது 8 எம்பிபிஎஸ், 4கே என்றால் 35 முதல் 45 வரை. அதற்கு மேல் கொடுத்து ஏற்றினால் அவர்கள் திரும்ப நசுக்கும்போது இருட்டான ஹோமப் புகை கொஞ்சம் பிழைக்கும். வீட்டாருக்குப் பென் டிரைவில் கொடுப்பதாக இருந்தால், தாலி கட்டும் பகுதியையும் ரிசப்ஷனில் ஊதா விளக்கு விழும் பகுதியையும் மட்டும் முதலில் ரெண்டர் செய்து, ஒரு சாதாரண டிவியில் ஸ்டாண்டர்டு மோடிலும் விவிட் மோடிலும் ஓட்டிப் பாருங்கள். பெரும்பாலான வீடுகளில் டிவி விவிட்டில்தான் இருக்கிறது, புடவைச் சிவப்பு அங்கே பூத்துப் போனால் டைம்லைன் நோடில் சிவப்பின் சாச்சுரேஷனை ஒரு படி குறைத்த பிறகு முழுப் படத்தையும் ரெண்டருக்குப் போடலாம்.